வந்து போடுவதற்கு வைத்த செருப்பு

எங்கள் ஆய்வுகூடத்தின் வாசலுக்கு உட்புறமாக, தரையோடு ஒட்டியபடி ஒரு மர இறாக்கை இருக்கிறது. வெளியில் போட்டு வந்த செருப்பை விறாந்தையில் கழற்றிவிட்டு, உள்ளே போடுவதற்கென்று அவரவர் வைத்திருக்கும் இறப்பர்ச் செருப்பை அந்த இறாக்கையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டுதான் நாங்கள் வேலைக்கு இறங்குவோம். இரத்தமும் சளியும் சிறுநீரும் வந்து போகிற இடம். அங்கே நடந்த செருப்போடு வீட்டுக்குப் போவதும் கூடாது, பஸ்ஸில் மிதிபட்ட செருப்போடு அங்கே நுழைவதும் கூடாது. அந்த இறாக்கையின் வலது ஓரத்தில், நீல நிறத்தில் வெள்ளை வாருள்ள ஒரு சோடிச் செருப்பு வருஷக்கணக்காக ஒருவரும் போடாமல் இருந்தது. அது அக்காவின் செருப்பு. அக்கா என்றால் என்னோடு கூடப் பிறந்தவர் அல்ல. யாழ்ப்பாணத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் என்னோடு பக்கத்துக் கதிரையில் இருந்து வேலை செய்தவர். என்னைவிடச் சில வயது மூத்தவர் என்பதால் முதல் நாளே அக்கா என்று கூப்பிடத் தொடங்கினேன். அவர் என்னைப் பிள்ளை என்று கூப்பிட்டார். எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து அவர்கள் பள்ளிக்கூடம் போன பிறகும் நான் அவருக்குப் பிள்ளைதான்.

அவர் கடைசியாக வேலைக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பின்னேரம் எல்லாரும் கேக் வெட்டிச் சாப்பிட்டு, படம் எடுத்து, கொஞ்சம் அழுது முடித்த பிறகு அக்கா தனது செருப்பைக் குழாயடிக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். பழைய துணியால் துடைத்தார். பிறகு அதை இறாக்கையின் ஓரத்தில், விரல் பக்கம் ஆய்வுகூடத்தின் உள்ளே பார்க்கும்படி திருப்பி வைத்தார். காலையில் அவசரமாக வருகிறவர்கள் குனியாமல் கால் நுழைப்பதற்கு வசதியாக அப்படித்தான் வைப்பது வழக்கம். ஆனால் மெல்போர்னுக்குப் போகிறவர் எதற்காக அப்படி வைக்க வேண்டும்? எனக்கு வாய் சும்மா இருக்காது. “அக்கா, உந்தச் செருப்பை வீட்டை கொண்டு போங்கோவன்” என்றேன். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: “என்னத்துக்குப் பிள்ளை? வந்து போடுறதுக்குத்தானே.”

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் நாட்டில் அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர்கள் வெளிநாட்டில் வேலை செய்ய விரும்பினால் சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு போகலாம். கூடினது ஐந்து வருஷம். அதுவரை இங்கே அவருடைய உத்தியோகம் அவருடையதாகவே இருக்கும். திரும்பி வந்தால் அதே கதிரை. வராவிட்டால் விலகிக்கொள்ள வேண்டும். பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற அந்த வருஷத்தில், படித்தவர்கள் பலர் இந்த லீவை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் பிரியாவிடைக் கேக் வெட்டாத மாதமே இருக்கவில்லை. அக்காவின் கணவரை நாங்கள் அண்ணை என்போம். கட்டடங்களுக்குச் செலவு மதிப்பிடுவது அவருடைய தொழில். அந்தத் தொழிலுக்கு அவுஸ்திரேலியாவில் ஆள் தேவை என்று விசா கிடைத்தது. அண்ணைக்குத் தனியார் வேலை, அதை விட்டுவிட்டார். அக்கா விடவில்லை, லீவு எடுத்தார். ஒரு பாதுகாப்புக்கு என்று எல்லாரும் அதைப் புத்தியான வேலையாகவே பார்த்தோம்.

அக்கா சாவகச்சேரிக்காரி. காலையில் ஏ ஒன்பது வீதியில் பஸ் ஏறுவார். அந்த பஸ்ஸில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. யாராவது பக்கத்தில் வந்து நின்று மடித்த றிப்போட்டை விரித்து, “மிஸ், உதிலை சீனி கூடவோ?” என்று கேட்பார்கள். டொக்டரிடம் காட்டுங்கோ என்பதற்கு மேல் அவர் ஒரு சொல் சொல்லமாட்டார். ஆனால் கேட்டவர்கள் அவருடைய முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு போய்விடுவார்கள். சந்தையில் மரக்கறிக்காரி அவருக்கென்று நல்ல கத்தரிக்காயை அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பார். வங்கியில் எழுந்து இடம் விடுவார்கள். அக்கா பெருமைக்காரி அல்ல. இதையெல்லாம் அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை. தண்ணீர் குழாயில் வருவதைப்போல அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. தான் யாரென்று ஒருவருக்கும் சொல்லவேண்டிய தேவை அவருக்கு அதுவரை வரவில்லை.

போன பிறகு எங்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவார். அங்கே அப்போது வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கும் நேரம். நான் சாப்பாட்டு அறையில் போனைப் பிளாஸ்க்கில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டே கதைப்பேன். அவர் முகத்துக்குப் பின்னால் தெரிகிற அறையைத்தான் முதலில் பார்ப்பேன், அது என் குணம். யன்னலுக்குச் சீலை இல்லை, ஒரு கட்டில் விரிப்பைக் குத்திவிட்டிருந்தார்கள். சுவரோரமாக, இங்கிருந்து கொண்டுபோன பெரிய பெட்டிகள் பஸ் நிலையத்தில் நிற்பதுபோல வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் பெரிய பெட்டிக்கு மேல் சாமிப்படம். உடுப்பு எடுக்கவேண்டுமென்றால் முதலில் பிள்ளையாரைத் தூக்கி அப்பால் வைக்கவேண்டும். அலுமாரி ஒன்று வாங்கினால் என்ன என்று கேட்டேன். நாளைக்குத் திரும்பி வரவேண்டி வந்தால் அதை என்ன செய்கிறது என்று என்னையே திருப்பிக் கேட்டார். குசினியிலும் அதே கதைதான். ஒரு சின்னப் பானை, ஒரு தாச்சி. அக்கா, அண்ணை, மகள் என்று மூன்று பேருக்கு மட்டும் அளந்து சமையல். சாவகச்சேரி வீட்டில் எப்போது போனாலும் இன்னும் இரண்டு பேருக்குச் சோறு இருக்கும்.

அக்காவுக்கு வேலை கிடைத்திருந்தது. இரத்தம் பரிசோதிக்கிற பெரிய இடம் ஒன்றில், வருகிற குழாய்களில் பெயர் சரியா என்று பார்த்துத் தட்டுகளில் அடுக்கி உள்ளே அனுப்புகிற வேலை. உள்ளே கண்ணாடிக்கு அப்பால் நடப்பதுதான் அக்காவின் உண்மையான தொழில். இத்தனை வருஷம் இங்கே செய்துவந்த வேலையை அங்கே அவர் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் கேட்டால், லாப்பில்தான் வேலை என்பார். பொய்யில்லை, ஆனால் முழுவதும் சொல்லவில்லை. அண்ணையை நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள், இந்த நாட்டு அனுபவம் இருக்கிறதா என்று கேட்பார்கள், பிறகு ஒரு பதிலும் வராது. இடையில் அவர் ஒரு கடையின் களஞ்சியத்தில் சாமான் ஏற்றி இறக்கினார். அந்த வேலைக்கும் அண்ணை காலையில் மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டு, அங்கே போய்த்தான் மாற்றுவாராம். அக்கா இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அவர்களுக்கு வாய்விட்டுச் சொல்லவும் ஓரிடம் இருக்கவில்லை. அண்ணையின் பெரியப்பா ஒருவர் அந்த நகரத்தில் இருக்கிறார், சண்டைக் காலத்தில் அகதியாகப் போனவர். ஒருநாள் அண்ணை மனம் பொறுக்காமல் அவரிடம் வேலைக் கதையைச் சொன்னபோது, தான் வந்து இறங்கிய அன்று கையில் ஒரு கடதாசிகூட இருக்கவில்லை என்றும், விசாவோடு பிளேனில் வந்து இறங்கிய உங்களுக்கு என்ன கஷ்டம் என்றும் கேட்டாராம். அவர் கேட்டதில் பிழையில்லை. ஒருவரும் இவர்களைத் துரத்தவில்லைதான். படிப்புக்குப் புள்ளி போட்டு, வாருங்கள் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனபடியால் பயமாக இருக்கிறது என்று சொல்ல இவர்களுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பயம் இருந்தது. அக்காவின் வேலை சில மாதங்களுக்கு ஒருமுறை நீட்டித்துத் தருகிற வேலை. மின்னஞ்சல் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். வேலையிடத்தில் ஏதாவது சொல்ல நினைத்தால், ஆங்கிலத்தில் அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துச் சரிசெய்து வாயைத் திறப்பதற்குள் அவர்கள் வேறு கதைக்குப் போயிருப்பார்கள். இங்கே டொக்டர்மாரோடு ஆங்கிலத்தில் வாதாடியவர் அங்கே அதிகம் கதைக்காதவர் என்று பெயரெடுத்திருந்தார்.

எனக்கும் கோபம் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அக்காவின் இடம் காலியில்லாத காலியிடம். ஆள் இல்லை, ஆனால் ஆள் இருப்பதாகக் கணக்கு. வேறொருவரைக் கேட்டால், உங்களுக்குத்தான் ஆள் இருக்கிறாரே என்று பதில் வரும். மாரி தொடங்கி டெங்குக் காய்ச்சல் பரவினால் எங்கள் விறாந்தையில் கால் வைக்க இடமிராது. கட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கு இரத்தத்தில் பிளேட்லெட் எத்தனை என்று டொக்டர்மார் மணிக்கொரு தரம் கேட்டு ஆளனுப்புவார்கள். கரவெட்டியிலிருந்து விடியப் புறப்பட்டு வந்து, இரண்டு பேரின் வேலையை நான் ஒருத்தி செய்துவிட்டு, வீட்டுக்குப் போகச் செருப்பைக் கழற்றும்போது பக்கத்தில் அந்த நீலச் செருப்பு கழுவித் துடைத்த மாதிரியே சொகுசாக இருக்கும். அதைப் பார்க்க எரிச்சல் வரும். அப்படி ஒரு மாரியில்தான் நான் போனில் சொல்லிவிட்டேன்: “அக்கா, ஒண்டில் வாங்கோ, இல்லாட்டி விடுங்கோ.” அவர் கோபிக்கவில்லை. திருப்பிக் கேட்டார்: “உந்த உத்தியோகத்தை விட்டாப்பிறகு இஞ்சை என்னை வேலையாலை நிப்பாட்டினால், நான் எங்கை பிள்ளை போறது?” பேச்சை மாற்றி மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டேன்.

இனிச் சொல்லப்போவது எங்கள் ஆட்களுக்கு மட்டுமே நடக்கக்கூடியது. எங்கள் ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் ஆய்வுகூடத்துக்குள் வந்தால் எல்லாரும் எழும்பி நிற்போம். ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. பாலர் வகுப்பில் ரீச்சர் வந்தபோது எழும்பத் தொடங்கியது, அதுபாட்டுக்கு உடம்பில் இருக்கிறது. கையில் இரத்தக் குழாய் இருந்தாலும் அதையும் பிடித்துக்கொண்டு எழும்புவோம். டொக்டர் தலையாட்டுவார், மறுபடி கதிரையில் இருப்போம். அக்கா இந்த வழக்கத்தையும் மெல்போர்னுக்குக் கொண்டுபோனார். அவருடைய பிரிவுக்குத் தலைவர் ஒரு நெடுவல் மனிதர். விளையாட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஒரு நாளைக்குப் பலமுறை அந்தப் பக்கம் வந்து போவார். எல்லாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அக்காவுக்கு அதற்கு நாக்குப் புரளவில்லை, சேர் என்றுதான் வரும். அவர் வரும்போதெல்லாம் அக்கா எழும்பி நின்றார். முதலில் அவர், ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். ஒன்றுமில்லை சேர், நன்றி என்று சொல்லிவிட்டு அக்கா தொடர்ந்து நின்றார். அவர் போகும்வரை இருக்கக்கூடாதல்லவா. அவரோ நிற்கிற மனுஷி ஏதோ சொல்லப்போகிறா என்று காத்துக்கொண்டு நிற்பாராம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க, மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு இவர்களைப் பார்ப்பார்கள். போகப்போக அந்த மனிதர் அக்காவின் பக்கம் வருவதைக் குறைத்துச் சுற்றுவழியால் போகத் தொடங்கினார். தன்னில் அவருக்கு ஏதோ பிடிக்கவில்லை என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். அதனால் அவரைத் தூரத்தில் கண்டாலும் இன்னும் விறைப்பாக எழும்பி நின்றார்.

ஒருநாள் மதியம் வழக்கத்துக்கு மாறாகத் தெருவிலிருந்து கூப்பிட்டார். பின்னால் பஸ் போகிற சத்தம். மறுநாள் காலையில் தலைவரின் அறைக்கு வரும்படி செய்தி வந்திருக்கிறது, ஊழியர்களைக் கவனிக்கிற ஆளணிப் பிரிவிலிருந்தும் ஒரு பெண் வருவாராம். அக்காவின் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. “என்னை நிப்பாட்டப் போறாங்கள் பிள்ளை” என்றார். என்ன பிழை விட்டீர்கள் என்று கேட்டேன். ஒரு குழாயைக்கூட மாற்றி அடுக்கியதில்லை, அதுதான் தெரியவில்லை என்றார். அண்ணைக்கு இன்னும் சரியான வேலை இல்லை, வீட்டு வாடகை, மகளின் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டுக் கேட்டார்: “பிள்ளை, என்ரை செருப்பு இருக்கோ?” நான் சாப்பாட்டுக் கையோடு எழும்பிப் போய்ப் பார்த்தேன், இருக்கிறதென்று நன்றாகத் தெரிந்திருந்தும் போய்ப் பார்த்தேன். இடது கையால் அதைப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் படத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஓம் என்று மட்டும் சொன்னார். அதுவரை அந்தச் செருப்பில் எனக்கிருந்த எரிச்சல் அன்றைக்குப் போய்விட்டது. படித்து, பட்டம் வாங்கி, ஊரே மதித்த ஒரு மனுஷிக்கு உலகத்தில் நிச்சயமாக இருக்கிற இடம் ஓர் இறாக்கையின் ஓரம்தான் என்று நினைக்க எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கூப்பிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதலில் பிடிபடவில்லை. நடந்தது இதுதான். அறைக்குள் போனதும் அந்தப் பெண் கதவைச் சாத்திவிட்டு, மெதுவான குரலில், இந்த இடத்தில் உங்களை யாராவது பயமுறுத்துகிறார்களா என்று கேட்டிருக்கிறார். அக்கா இல்லையென்றார். தலைவர் தலையைக் குனிந்தபடி, நான் ஏதாவது பிழையாக நடந்துகொண்டேனா என்று கேட்டார். அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதுவும் இல்லையென்றார். அப்படியானால் முதுகு வலியா, கதிரை சரியில்லையா என்று கேட்டுவிட்டு, புதுக் கதிரைக்குச் சொல்லியிருப்பதாகவும், வைத்தியம் பார்க்க ஒருவரை ஒழுங்கு செய்யலாம் என்றும் அந்தப் பெண் சொன்னார். இத்தனை நாளாக அந்த மனிதர், தன்னைக் கண்டாலே இந்த மனுஷி துள்ளி எழும்புகிறாவே, என்ன செய்தேன் என்று யோசித்து யோசித்துக் கவலைப்பட்டிருக்கிறார். வேலை போகப்போகிறது என்று அக்கா பயந்துகொண்டிருந்த அதே நாட்களில், தன் பெயர் கெடப்போகிறது என்று அவர் பயந்துகொண்டிருந்தார்.

அக்கா விளங்கப்படுத்தினார். மனதுக்குள் சொல்லிப் பார்க்காமல், சரிசெய்யாமல், வந்த ஆங்கிலத்தில் சொன்னார். எங்கள் ஊரில் பெரியவர்கள் வந்தால் எழும்புவோம், நீங்கள் அதற்குத்தான் குழம்புகிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை என்றார். தலைவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாராம். அவ்வளவு நிம்மதி. பிறகுதான், உங்கள் ஊரில் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். வேலைக்கு விண்ணப்பித்தபோது அக்கா அதை இரண்டு வரியில் சொல்லியிருந்தார். தன் வேலையைத் தானே புகழ்ந்து சொல்வது எங்களுக்குக் கூச்சம். கேட்டாலும், ஏதோ கொஞ்சம் தெரியும் என்போம். கேட்கிறவர்கள் அதிலிருந்தே விளங்கிக்கொள்வார்கள். அங்கே, கொஞ்சம் தெரியும் என்றால் கொஞ்சம்தான் தெரியும் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அக்கா எல்லாம் சொன்னார். மெசின் பழுதான நாட்களில் நுணுக்குக்காட்டியால் பார்த்துக் கையால் எண்ணியது, கரண்ட் நின்றால் இரத்தம் கெடாமல் ஐஸ் பெட்டிகளோடு ஓடியது, டெங்குக் காலத்தில் விறாந்தை முழுக்க ஆட்கள் நிற்க நாங்கள் இரண்டு பேரும் சமாளித்தது. என்னையும் சொன்னாராம். மெல்போர்னில் ஓர் அறையில் என்னைப் பற்றிய கதையும் நடந்திருக்கிறது என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சின்னப் பெருமை.

அதற்குப் பிறகு எல்லாம் சுபம் என்று முடிக்க முடியாது. தகுதியை அந்த நாட்டில் ஏற்கச் செய்வதற்குச் சோதனை இருக்கிறது, அதை எழுதுங்கள் என்று தலைவர் சொன்னார். அக்கா பயந்து பயந்து தள்ளிப்போட்டு, ஒருமுறை எழுதி ஆங்கிலத்தில் கோட்டைவிட்டு, வீட்டில் படுத்து அழுதுவிட்டு, மறுபடி எழுதினார். தலைவர் வரும்போது எழும்பாமல் இருக்கப் பழகியதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்ததாம். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருப்பாராம். அண்ணைக்கு ஒரு சிறிய கட்டடக் கம்பனியில் தொழில் கிடைத்தது. அந்த மாதம் கூப்பிட்டபோது யன்னலில் மஞ்சள் நிறத்தில் சீலை தொங்கியது. இன்னும் கொஞ்சக் காலம் போனபின் அக்கா கண்ணாடிக்கு உட்புறம் போனார். ஒருநாள் பார்த்தால் பெட்டிகளைக் காணவில்லை, அலுமாரி நின்றது, பிள்ளையாருக்குச் சுவரில் சொந்தமாக ஒரு தட்டுக் கிடைத்திருந்தது. ஆனால் இங்கே உத்தியோகத்தை விடுவதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. லீவு முடிகிற காலம் வந்துகொண்டிருந்தது. வந்து வேலையில் சேரவேண்டும், அல்லது விலகவேண்டும். இரண்டில் எது என்று ஆஸ்பத்திரியில் எல்லாரும் என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றால் ஒருவரும் நம்பவில்லை.

பலாப்பழக் காலத்தில் அக்கா வந்தார். சாவகச்சேரியிலிருந்து பழையபடி பஸ்ஸில்தான் வந்தார். ஒரு கையில் பலாப்பழச் சுளைகள் நிறைந்த பெட்டி, காலில் அங்கத்தையச் சப்பாத்து. விறாந்தையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஐந்து வருஷம் போனதுபோலவே இல்லாமல், இறாக்கையைப் பார்க்காமலே வலது ஓரத்தில் காலை விட்டார். நீலச் செருப்பு அவரை ஏற்றுக்கொண்டது. நாலு அடி நடந்து என் கதிரைக்குப் பக்கத்தில் தன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சேரத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன், அப்படி ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி. கதைத்துக்கொண்டிருக்கும்போது பெரிய டொக்டர் உள்ளே வந்தார். புதிதாக வந்தவர், எங்கள் எல்லாரிலும் வயது குறைந்தவர். நாங்கள் எழும்பினோம். அக்காவும் எழும்பி நின்று குட் மோர்னிங் சொன்னார். டொக்டர் தலையாட்டிவிட்டுப் போனபின் அக்கா தன் காலைப் பார்த்துச் சிரித்தார். “பாத்தீரே பிள்ளை, நான் எங்கை நிக்கிறனெண்டு காலுக்குத் தெரியுது. அங்கை இப்ப எழும்பாது.”

பிறகு சாப்பாட்டு அறையில் பலாப்பழப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுச் சொன்னார். “போன மாசம் பெரிய பானை ஒண்டு வாங்கினனான்.” அவ்வளவுதான். எனக்கு விளங்கிவிட்டது. வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சோறு வைக்கத் தொடங்கினால் அதுதான் வீடு. நான் சுளையைத் தின்றுகொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பயம் போயிட்டுதெண்டு நினையாதேயும். இப்பவும் மெயில் சத்தம் கேட்டால் நெஞ்சு பக்கெண்டுது. ஆனா அந்தப் பயத்துக்கு உந்தச் செருப்பு மருந்தில்லை எண்டு கண்டுட்டன். நீர் இஞ்சை தனியக் கிடந்து முறியிறீர். எனக்கும் அது வடிவாத் தெரியும்.” அலுவலகத்துக்குப் போய் விலகுவதற்குரிய வேலைகளை முடித்துக்கொண்டு திரும்பி வந்தார். வாசலில் மறுபடி நீலச் செருப்பைப் போட்டு இரண்டடி வைத்ததும் அதன் ஒரு வார் அறுந்துவிட்டது. வெயிலும் புழுக்கமும் இறப்பரைத் தின்றிருந்தன. ஒரு செருப்பைக் காலிலும் மற்றதைக் கையிலுமாக நொண்டிக்கொண்டு வந்தார்.

செருப்பை எறிவதில் ஒரு பிரச்சினை வந்தது. ஆஸ்பத்திரியில் குப்பைக்கு நிறம் இருக்கிறது. தொற்றுள்ளவை மஞ்சள் பையில், சாதாரணக் குப்பை கறுப்புப் பையில். அக்கா இரண்டு வாளிக்கும் நடுவில் செருப்பைப் பிடித்தபடி நின்று யோசித்தார். வருஷக்கணக்காக ஒருவரும் போடாத செருப்பு, கழுவி வைத்தது, கறுப்பில் போடலாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “லாப்பிலை நடந்த செருப்பு பிள்ளை, மஞ்சள்தான்” என்றார். மஞ்சள் பையில் போட்டு மூடியைச் சாத்தினார். பிறகு வெறுங்காலோடு வாசலுக்குப் போய்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு அழுதோம், மிச்சமிருந்த சுளையை எல்லாருக்கும் கொடுத்தோம். அவர் போன பிறகு இறாக்கையின் ஓரத்தில் செருப்பு இருந்த இடத்தில் மட்டும் பலகை வேறு நிறமாக இருந்தது.

அந்த இடம் இப்போது உண்மையான காலியிடமாகிவிட்டதால் சில மாதங்களில் ஆள் வந்தது. மயிலிட்டிப் பெண், நீண்ட காலம் இராணுவத்தின் பிடியில் இருந்த கடற்கரை ஊர்க்காரி. இடம்பெயர்ந்து ஊரூராக வாடகை வீடுகளில் வளர்ந்து, தகப்பன் மறுபடி தன் கரையிலிருந்து கடலுக்குப் போகத் தொடங்கிய பிறகு படித்து முடித்தவர். இது முதல் வேலை. முதல் நாள் நான் உள்ளே நுழைந்தபோது துள்ளி எழும்பி நின்றார். இரும் பிள்ளை, எனக்கெல்லாம் எழும்ப வேண்டாம் என்றேன். இருந்தவர், நான் பரிசோதனைக்கு மருந்து எடுக்க எழும்பியபோது மறுபடி எழும்பினார். கடைப் பைக்குள் புதுச் செருப்பு வைத்திருந்தார், அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாள் முழுக்கக் கதிரைக்குக் கீழே பையை வைத்திருந்தார். நான் வலது ஓரத்தைக் காட்டினேன். பின்னேரம் வேலை முடிந்து எல்லாரும் செருப்பை உதறிவிட்டு ஓட, அந்தப் பெண் மட்டும் தன்னுடையதைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து, விரல் பக்கம் உள்ளே பார்க்கத் திருப்பி வைத்தார். நான் பார்ப்பதைக் கண்டு, பிழையோ என்று பயந்து விளக்கம் சொன்னார்: “நாளைக்கு வந்து போடுறதுக்கு அக்கா.”

பிழையில்லை என்றேன். அவர் போனதும் அந்தச் செருப்பைப் படம் எடுத்து, ஒரு சொல்லும் எழுதாமல் மெல்போர்னுக்கு அனுப்பினேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரமாக இருக்கும். கொஞ்சம் பொறுத்துப் பதில் வந்தது. “வடிவா இருக்கு பிள்ளை. இஞ்சை ஊர்ச் சனம் கொஞ்சம் சாப்பிட வந்திருக்கினம், நாளைக்குக் கோல் எடுக்கிறன்.”